49-ஆம் சுற்றில் ஒரு பெயர்

பேஸ்பால் என்றால் நம்மில் பலருக்குத் தொப்பிதான் நினைவுக்கு வரும். நானும் அப்படித்தான் இருந்தேன். மூன்றாம் ஆண்டில் ஹாக்கிப் பயிற்சியை விட்டுவிட்டு, அது சரியா தவறா என்று குழம்பிக்கொண்டிருந்தபோது, பால் கோல்ட்ஷ்மிட் என்ற அமெரிக்க ஆட்டக்காரரைப் பற்றிப் படித்தேன்.

அமெரிக்காவில் தொழில்முறைக் குழுக்கள் ஆண்டுதோறும் 'டிராஃப்ட்' நடத்துகின்றன. ஒவ்வொரு சுற்றிலும் குழுக்கள் வரிசையாக ஆளுக்கொரு இளைஞரின் பெயரைச் சொல்லும். உயர்நிலைப்பள்ளி முடித்தவுடன் ஒருவர் தேர்வாகலாம். ஆனால் நான்காண்டுப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்துவிட்டால், மூன்றாம் ஆண்டு முடிய வேண்டும் அல்லது 21 வயது நிறைய வேண்டும். சிக்கலே இங்குதான்! பட்டத்திற்கு இன்னும் ஓராண்டு இருக்கும்போது அழைப்பு வந்து நிற்கும். ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டால் கல்லூரிக் குழுவில் மீண்டும் ஆட முடியாது.

2006-இல் லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ் குழு கோல்ட்ஷ்மிட்டின் பெயரை 49-ஆம் சுற்றில் சொன்னது. அன்று மொத்தமே 50 சுற்றுகள்தாம். அவர் கையொப்பமிடவில்லை, டெக்சஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். மூன்றாண்டு ஆடியபின், 2009-இல் அரிசோனா டைமண்ட்பேக்ஸ் அவரை 8-ஆம் சுற்றில், 246-ஆவது ஆளாகத் தேர்ந்தெடுத்தது. இம்முறை போய்விட்டார்.

போனவுடன் பெரிய அரங்கம் கிடைத்துவிடாது. முதலில் சிறு நகரங்களின் கீழ்நிலைக் குழுக்களில் படிப்படியாக ஏற வேண்டும். பெரும்பாலோர் அங்கேயே நின்றுவிடுகின்றனர். மிசூலா, வைசேலியா, மொபீல் என்று ஊர் ஊராக ஆடிய கோல்ட்ஷ்மிட், கடைசிப் படியைத் தொடாமலேயே 2011 ஆகஸ்ட் 1-இல் முதன்மைக் குழுவுக்கு வந்தார். மறுநாளே, சிறந்த பந்துவீச்சாளருக்கான சை யங் விருதை இருமுறை வென்ற டிம் லின்செகமின் பந்தை 'ஹோம் ரன்' அடித்தார்.

இதை இரவுச் சாப்பாட்டின்போது மூச்சுவிடாமல் சொல்லி முடித்தேன். அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அந்தப் பையன் படிப்பை முடிச்சானா?"

நல்லவேளை, அதையும் படித்து வைத்திருந்தேன். முடித்தார், 2013-இல். ஃபீனிக்ஸ் பல்கலைக்கழகத்தில் நிர்வாகவியல் பட்டம். அதே ஆண்டு 36 ஹோம் ரன்கள் அடித்து, நேஷனல் லீக்கின் சிறந்த ஆட்டக்காரர் வாக்கெடுப்பில் இரண்டாவதாக வந்தார். 2022-இல், செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் குழுவில் ஆடியபோது, அந்த விருதும் கிடைத்தது.

"வேலை செஞ்சிகிட்டே படிச்சானா?" என்றார் அம்மா. பிறகு, என் ஹாக்கி மட்டை எங்கே என்று கேட்டார்.