கணினியும் நம் உடலும்: வலி முற்றும் முன் அறிய வேண்டியவை

இறுதியாண்டு ஆய்வேட்டை நான் மெத்தையில்தான் எழுதினேன். அம்பாங்கில் நண்பர்கள் நால்வர் சேர்ந்து எடுத்த வாடகை வீட்டில் ஒரே ஒரு மேசை. அதில் சோற்றுப் பானையும் மிளகாய்த்தூள் டப்பாக்களும் குடியிருந்தன. சுவரில் தலையணையைச் சாய்த்து, மடிக்கணினியை மடியிலேயே வைத்து, நள்ளிரவு தாண்டும்வரை தட்டச்சு செய்வேன். இதைப் படிக்கும் தம்பி தங்கைகளில் பலர் இப்போதும் அப்படித்தான் இடுபணிகளை முடிக்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

படிப்பு முடிந்ததும் அம்பாங் சாலையில் ஒரு கணக்கியல் அலுவலகத்தில் வேலை கிடைத்தது. எனக்குத் தந்த நாற்காலியில் உயரத்தை மாற்றும் விசை உடைந்திருந்தது. ஆறாம் மாதம், வலக்கைக் கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் இரவில் மரத்துப்போகத் தொடங்கின. மேலாளரிடம் சொன்னேன். “இந்த வயசில் என்ன வலி?” என்றார். கோடாலித் தைலம் தேய்த்தேன், உருவிவிடுபவரிடம் போனேன், எட்டு மாதங்களைக் கடத்தினேன். தேநீர்க் குவளை கையிலிருந்து தானாக நழுவி விழுந்த அன்றுதான் மருத்துவரைப் பார்த்தேன்.

என் பாட்டி பால்மரம் வெட்டியவர். காண்டாக் கம்பில் பால் வாளிகளைச் சுமந்து அவருக்கு வந்த முதுகு வலியை வீட்டில் ‘வயசாகிவிட்டது’ என்றார்கள். எனக்கு வந்ததை ‘வயசே ஆகவில்லையே’ என்றார்கள். இரண்டும் வேலையால் வந்த வலி என்று யாரும் சொல்லவில்லை.

மணிக்கட்டில் என்ன நடக்கிறது?

நம் மணிக்கட்டின் உள்ளே, எலும்புகளுக்கும் ஒரு கெட்டியான நார்ப்பட்டைக்கும் நடுவில் குறுகிய சுரங்கம் ஒன்று உள்ளது. விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்களும் ஒரு நரம்பும் அதன் வழியே செல்கின்றன. தசைநாண்களைச் சுற்றியுள்ள உறை வீங்கினால் நரம்பு நசுங்கும். கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரலில் பாதி ஆகியவை மரத்துப்போகும்; சுண்டுவிரல் தப்பிவிடும். அதனால்தான் மருத்துவர் முதலில் ‘எந்தெந்த விரல்?’ என்று கேட்கிறார். நசுக்கம் நீண்டால் கட்டைவிரலின் அடிச்சதை மெலியும். மெலிந்த சதை முழுமையாகத் திரும்பும் என்ற உறுதி இல்லை.

கணினி ஒன்றே இதற்குக் காரணம் என்று சொல்லிவிட முடியாது. தைராய்டு குறைபாடும் கர்ப்பமும் இதைக் கொண்டுவரலாம். முக்கியமாக, நீரிழிவும் கொண்டுவரலாம். 2019ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு நீரிழிவு இருந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடமே அது மிக அதிகம். ஆகவே விரல் மரத்தால் இரத்தத்தில் சர்க்கரையையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். எனக்கும் பார்த்தார்கள். நல்ல வேளை, சர்க்கரை இல்லை. இரவில் மணிக்கட்டை நேராகப் பிடித்துவைக்கும் பட்டை ஒன்றைக் கொடுத்தார்கள். சில வாரங்களில் மரப்பு குறைந்தது. குளிர் அதிகமான அறையில் இன்றும் எட்டிப் பார்க்கும்.

கழுத்து, முதுகு

தலையின் எடை ஏறக்குறைய 5 கிலோ. அது தோள்களுக்கு நேர் மேலே இருக்கும்வரை கழுத்துக்குத் தொல்லை இல்லை. முன்னால் சாயச் சாய, பின்கழுத்துத் தசைகள் அதை இழுத்துப் பிடிக்க வேண்டியுள்ளது. கென்னத் ஹன்ஸ்ராஜ் என்ற நியூயார்க் முதுகெலும்பு மருத்துவர் 2014இல் போட்ட கணக்குப்படி, 60 பாகை குனிந்தால் கழுத்தின் மேல் விழும் சுமை ஏறத்தாழ 27 கிலோ. இது மாதிரிக் கணக்குதான். ஆனாலும் கைத்தொலைபேசியை மடியில் வைத்துப் பார்ப்பவர்கள் நினைவில் வைக்கத்தக்க கணக்கு.

இங்கே ஒரு தவறான எண்ணத்தைச் சொல்லியாக வேண்டும். ‘நிமிர்ந்து உட்கார்’ என்றே நம்மை வளர்த்தார்கள். நிமிர்ந்தபடியே மூன்று மணி நேரம் அசையாமல் இருந்தாலும் முதுகு வலிக்கும். அசையாத தசைக்குள் இரத்த ஓட்டம் குறைகிறது. முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டுகளுக்கு நேரடி இரத்தக் குழாய் மிகக் குறைவு. நாம் அசைவதும் அவை ஊட்டம் பெற உதவுகிறது. இத்தாலிய மருத்துவர் ரமஸ்ஸினி, தம் தொழில்நோய் நூலின் 1713ஆம் ஆண்டுப் பதிப்பில், எழுத்தர்களின் நோய்களுக்கு ஓயாமல் உட்கார்ந்திருத்தல், கையை ஒரே விதமாக அசைத்தல், மன உளைச்சல் என்று மூன்று காரணங்கள் கூறினார். அன்று அவர்கள் கையில் இருந்தது இறகுப் பேனா!

ஆக, விலையுயர்ந்த நாற்காலி வாங்க வசதியில்லையே என்று வருந்த வேண்டாம். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து தண்ணீர் குடித்து வாருங்கள். எழுந்த நேரத்தில் தூரத்தில் ஒரு மரத்தைப் பாருங்கள். திரையைப் பார்க்கும்போது நாம் கண் சிமிட்டுவது குறைவதால் கண்ணும் காய்ந்துபோகிறது.

மடிக்கணினியின் குறை அதன் அமைப்பிலேயே உள்ளது. திரையைக் கண்ணுக்கு ஏற்ப உயர்த்தினால் விசைப்பலகை கைக்கு எட்டாத உயரத்துக்குப் போகும். கைக்கு ஏற்ப இறக்கினால் கழுத்து குனியும். எளிய வழி, தனியே ஒரு விசைப்பலகையும் சுட்டியும் வாங்கிக்கொள்வது. கணினியைத் தடித்த புத்தகங்களின் மேல் ஏற்றுங்கள். திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்தில் அல்லது சற்றுக் கீழே, ஒரு கை நீளத் தூரத்தில் இருக்கட்டும். முழங்கை உடலை ஒட்டி, மணிக்கட்டு நேராக, பாதம் தரையில். நாற்காலி உயரமாக இருந்தால் காலடியில் ஒரு பெட்டி. இடுப்பின் பின்னே சுருட்டிய துண்டு. அவ்வளவுதான்.

ஓர் எச்சரிக்கை. முதுகு வலியோடு கால் பலமிழந்தாலும், தொடை இடுக்கு மரத்தாலும், சிறுநீர் கட்டுப்படாமல் போனாலும் தைலம் தேடாதீர்கள். அன்றே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள்.

வேலைக்குப் போனவர்களுக்கு

தினமும் பேருந்தில் அம்பாங் சாலை வழியே போகும்போது சொக்சோ தலைமையகக் கட்டடத்தைக் கடப்பேன். விபத்தில் கைகால் போனவர்களுக்கான இடம் என்றே நினைத்திருந்தேன். 1969ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணையில் தொழில்நோய்கள் பட்டியலிடப்பட்டிருப்பதும், ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வதால் கைக்கு வரும் கோளாறுகளும் அதில் உண்டு என்பதும் பிறகுதான் தெரிந்தது. நம் சம்பளத்தில் மாதாமாதம் பிடிக்கப்படும் சந்தா இதற்கும் சேர்த்துத்தான். வேலைக்குத் திரும்ப உதவும் மறுவாழ்வுத் திட்டத்தையும் சொக்சோ 2007 முதல் நடத்துகிறது.

முதலாளிக்கும் பொறுப்புண்டு. 1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் திருத்தம் 2024 ஜூன் முதல் தேதி நடப்புக்கு வந்தபின், அலுவலகங்கள் உட்பட ஏறக்குறைய எல்லா வேலையிடங்களும் அதற்குள் அடங்கும். கணினித் திரையில் வேலை செய்வோருக்கென அத்துறை வெளியிட்ட வழிகாட்டி 2003லேயே உண்டு. உடைந்த நாற்காலியைப் பற்றிச் சொல்வதானால் வாய்மொழியாகச் சொல்லாமல் மின்னஞ்சலில் தேதியோடு எழுதுங்கள்.

மருத்துவரிடம் ‘கை வலிக்கிறது’ என்பதோடு நிறுத்தாதீர்கள். என்ன வேலை, நாளுக்கு எத்தனை மணி நேரம், எப்போது தொடங்கியது, விடுமுறையில் குறைகிறதா என்று சொல்லி, அதைப் பதிவுசெய்யச் சொல்லுங்கள். தொழில்நோய் என்று கருதினால், அதை அத்துறைக்கு ஏழு நாள்களுக்குள் அறிவிப்பது 2004ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி மருத்துவரின் கடமை. எனக்கு இது தெரியாது. உருவிவிடுபவர் சீட்டு எழுதித் தருவதில்லை; மேலாளரிடம் பேசியதற்கும் சாட்சி இல்லை. அந்த எட்டு மாதங்களுக்கு என்னிடம் ஒரு தாள்கூடக் கிடையாது. விண்ணப்பிக்க நினைத்தபோது காட்டுவதற்கு எதுவும் இருக்கவில்லை.