ஒரு சேமிப்பகம், நான்கு எடிட்டர்கள்

பல கணினிகள் ஒரே காட்சிக் கோப்புகளை எடுத்து வேலை செய்யும் படத்தொகுப்புக் கூடத்திற்குப் பொதுச் சேமிப்பகம் வாங்கும்போது, எத்தனை டெராபைட் என்ற கேள்வியே பெரும்பாலும் முதலில் எழுகிறது. ஆனால் அத்தகைய கூடங்களில் வேலை தடைபடுவது இடம் போதாமையால் அன்று. ஒரே நேரத்தில் பலர் கேட்கும் தரவைச் சேமிப்பகத்தால் இடைவிடாமல் கொடுக்க முடியாமற்போவதால்தான். ஆதலால் கணக்கை வேகத்திலிருந்து தொடங்குவதே முறை.

ஒவ்வொரு ஃபிரேமையும் தனித்தனியே சுருக்கி வைப்பதால் எடிட்டிங்குக்கு ஏற்றதாகக் கருதப்படும் ஆப்பிளின் புரோரெஸ் 422 எச்.கியூ. என்னும் கோப்பு வடிவம், நொடிக்கு 25 ஃபிரேம் கொண்ட 4கே காட்சிக்கு நொடிக்கு 737 மெகாபிட் கேட்கிறது. எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட் என்பதால் இது ஏறத்தாழ 92 மெகாபைட். ஒரு மணி நேரக் காட்சிக்கு 330 ஜிகாபைட்டுக்கும் மேல். ஓர் எடிட்டர் மூன்று கேமராக்களின் காட்சிகளை ஒருசேர ஓடவிட்டால் 276 மெகாபைட் வேண்டும். நால்வர் அவ்வாறு செய்தால் தேவை 1,100ஐத் தாண்டிவிடும். அலுவலகங்களில் பரவலாக உள்ள ஒரு ஜிகாபிட் ஈதர்நெட் இணைப்பில் நடைமுறையில் கிடைப்பதோ சுமார் 110 மெகாபைட்தான். 10 ஜிகாபிட் இணைப்பிலும் 1,250 என்பது ஏட்டளவிலான உச்சம். எனவே எடிட்டர்களின் கணினிகளுக்குத் தலா ஒரு 10 ஜிகாபிட் இணைப்பும், அனைவருக்கும் பதில் சொல்ல வேண்டிய சேமிப்பகத்திற்கு அதனினும் அகன்ற இணைப்பும் தேவைப்படுகின்றன. கேட் 6 கேபிள் இவ்வேகத்தை 55 மீட்டர் வரையிலும், கேட் 6ஏ கேபிள் 100 மீட்டர் வரையிலும் தாங்கும் என்பதைச் சுவருக்குள் கேபிள் புதைக்கும் முன்பே நினைவில் கொள்வது நல்லது.

செலவைக் குறைக்கும் வழியும் உண்டு. பிராக்ஸி எனப்படும் தரங்குறைந்த நகலை வைத்துத் தொகுத்து, நிறச்சீரமைப்பின்போது மட்டும் மூலக் கோப்புக்குத் திரும்பினால், 1080 அளவிலான புரோரெஸ் பிராக்ஸிக்கு நொடிக்கு 5 மெகாபைட்கூடத் தேவையில்லை. மேற்சொன்ன நால்வரின் பன்னிரண்டு காட்சிகளையும் பழைய ஜிகாபிட் இணைப்பே ஏற்றுக்கொள்ளும். சிறிய கூடங்கள் விலையுயர்ந்த கருவிகளைத் தேடும் முன் இதைச் சோதித்துப் பார்ப்பதே விவேகம். கேமராவிலிருந்து நேரடியாக வரும் எச்.264 கோப்புகள் திக்கித் திக்கி ஓடும்போது பழி சேமிப்பகத்தின் மீது விழுவதுண்டு. ஆனால் அவை அளவில் சிறியவை, அவற்றை விரித்துக் காட்டும் உழைப்பு எடிட்டரின் கணினியைச் சார்ந்தது.

அடுத்துக் கவனிக்க வேண்டியவை வட்டுகள். நிமிடத்திற்கு 7,200 முறை சுழலும் ஹார்ட் டிஸ்க் ஒரு சுற்றை முடிக்க 8 மில்லிநொடிக்குச் சற்று மேல் ஆகிறது. ஒரே நீண்ட கோப்பைப் படிக்கும்போது விரைந்து ஓடும் அவ்வட்டு, நான்கு எடிட்டர்கள் நான்கு இடங்களைக் கேட்டதும் தன் படிப்புமுனையை அங்குமிங்கும் நகர்த்துவதிலேயே நேரத்தை இழக்கிறது. அதனால்தான், மொத்தக் கொள்ளளவு ஒன்றாகவே இருந்தாலும், நான்கு பெரிய வட்டுகளைவிட எட்டுச் சிறிய வட்டுகள் வேலையைப் பகிர்ந்துகொண்டு வேகமாகத் தருகின்றன. எஸ்.எம்.ஆர். வகை வட்டுகளைத் தவிர்ப்பது நலம்: அவற்றில் தரவுத் தடங்கள் கூரை ஓடுகளைப் போல ஒன்றன்மேல் ஒன்று படிந்திருப்பதால், ஏற்கெனவே எழுதிய ஒன்றை மாற்ற அண்டைத் தடங்களையும் திரும்ப எழுத நேர்கிறது.

இவ்வட்டுகளை ஒன்றிணைக்கும் முறைக்கு ரெய்டு என்று பெயர். 1988இல் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மூவர் ஒரு கட்டுரையில் இதை வகைப்படுத்தினர். ரெய்டு 5 ஒரு வட்டு பழுதானாலும் தரவைக் காக்கும். ரெய்டு 6 இரண்டு பழுதானாலும் காக்கும். 8 டெராபைட் வட்டுகள் எட்டை ரெய்டு 6ஆக அமைத்தால் பயனுக்குக் கிடைப்பது 48 டெராபைட். அந்த இரண்டாம் காப்பு வீண் ஆடம்பரம் அன்று: பழுதான 16 டெராபைட் வட்டுக்கு மாற்றாக வைத்ததை நொடிக்கு 200 மெகாபைட் வேகத்தில் நிரப்புவதற்கே 22 மணி நேரம் பிடிக்கும், அதற்கிடையே மற்றொன்று பழுதாகாது என்பதற்கு உத்தரவாதமில்லை.

ஒரே புராஜெக்ட் கோப்பை இருவர் திறந்து ஒருவர் வேலையை மற்றவர் அழித்துவிடும் ஆபத்தைச் சேமிப்பகம் தடுக்காது. அது எடிட்டிங் மென்பொருளின் பொறுப்பு. அவிட் மென்பொருளில், காட்சிகளை அடுக்கி வைக்கும் 'பின்' எனப்படும் கோப்புறையில் ஒருவர் எழுதிக்கொண்டிருக்கும்போது மற்றவர்கள் அதைப் பார்க்கலாம், மாற்ற முடியாது. டாவின்சி ரிசால்வ் புராஜெக்ட்டுகளைப் பொதுவான தரவுத்தளமொன்றில் வைக்கிறது.

ரெய்டு பேக்கப் ஆகாது என்பதைப் பலர் தாமதமாகவே உணர்கின்றனர், ஏனெனில் தவறாக இட்ட அழிப்புக் கட்டளையை அது எல்லா வட்டுகளிலும் ஒருங்கே நிறைவேற்றிவிடும். 1998இல் பிக்சார் நிறுவனத்தில் அப்படியொரு கட்டளையால் 'டாய் ஸ்டோரி 2' படத்தின் கோப்புகள் சர்வரிலிருந்து மளமளவென மறைந்தன. பேக்கப்பும் சரியாக வேலை செய்யவில்லை என்று பின்னரே தெரிந்தது. கைக்குழந்தையைக் கவனித்தபடி வீட்டிலிருந்து பணியாற்றிய கேலின் சூஸ்மன் என்னும் தொழில்நுட்ப இயக்குநரின் கணினியில் ஒரு நகல் இருந்ததால்தான் படம் பெருமளவு மீண்டது. அத்தகைய நகலுக்கு இன்றும் பெரிய கூடங்கள் நம்புவது எல்.டி.ஓ. காந்த நாடாவையே, அதன் ஒன்பதாம் தலைமுறை நாடா ஒன்று 18 டெராபைட் கொள்ளும், மேற்கண்ட 4கே காட்சியானால் ஏறத்தாழ 54 மணி நேரம்.