வரைந்து சேர்த்த மேகம்

ஆடி மாதத்தில் ஒரு நாள் சாயங்காலம், ஐந்தே முக்கால் வாக்கில், திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்தில் நின்று பாருங்கள். ஸ்ரீரங்கம் வண்டிக்குக் காத்திருப்பவர்கள் எல்லோரும் வண்டி நுழையும் வழியையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். மலைக்கோட்டைப் பாறையோ சாம்பலிலிருந்து வெல்ல நிறத்துக்கு மாறிக்கொண்டிருக்கும். மேலே பருந்துகள் இறக்கையை அசைக்காமல் வட்டமடிக்கும். பகலெல்லாம் காய்ந்த பாறையிலிருந்து கிளம்பும் சூட்டுக் காற்று அவற்றைத் தாங்கிக்கொள்ளும்.

இதை எத்தனை தடவை எடுத்திருப்பேன்! முக்காலி ஸ்டாண்டு, பெரிய லென்ஸ், கணக்குப் பார்த்து வைத்த எக்ஸ்போஷர். எல்லாமே காலண்டர் படமாகத்தான் வந்தன. பாறை தெளிவாக இருக்கும், பருந்து கூர்மையாக இருக்கும், நான் நின்ற சாயங்காலம் மட்டும் இருக்காது.

ஒரு நாள் கேமராவை வீட்டில் போட்டுவிட்டு பஸ்ஸுக்கு நின்றேன். காற்று ஒரு பூக்கூடையிலிருந்து வெள்ளை பிளாஸ்டிக் கவர் ஒன்றைக் கிளப்பியது. (2019-இலேயே தடை செய்யப்பட்ட ரகம்தான். கடைக்காரரைக் காட்டிக்கொடுக்க மாட்டேன்.) கூரை விளிம்பில் தட்டி, கம்பியில் ஒரு கணம் சிக்கி, விடுபட்டு, பருந்துகளின் வட்டத்துக்கே போய்ச் சேர்ந்துகொண்டது போலத் தெரிந்தது. யோசிக்காமல் செல்போனைத் தூக்கி அழுத்திவிட்டேன்.

“என்ன தம்பி, காக்காவையா போட்டோ எடுக்குறீங்க?” என்றார் பூ கட்டிக்கொண்டிருந்த அக்கா.

“காத்தைக்கா.”

“காத்து விழுந்துச்சா?”

இதே ஊரில், இதே பாறைக்கு முன்னால் ஒரு வெள்ளைக்காரரும் வானம் படத்தில் விழாத இந்தச் சிக்கலில் மாட்டினார். லின்னேயஸ் டிரைப், மதராஸ் ராணுவத்தின் கேப்டன், அரசாங்கப் புகைப்படக்காரர். 1857 டிசம்பரில் பெங்களூரிலிருந்து மாட்டு வண்டிகளில் சாமான்களோடு கிளம்பி திருச்சி, ஸ்ரீரங்கம், மதுரை, தஞ்சாவூர் என்று சுற்றினார். மெழுகேற்றிய தாள்தான் அவருக்கு நெகட்டிவ். அந்தத் தாள் நீல நிறத்தை மற்ற நிறங்களைவிடச் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். பாறையின் மடிப்புகள் பதிவதற்குள் வானத்தில் வெளிச்சம் மிஞ்சிப்போகும், அச்சில் மொட்டை வெள்ளையாக வரும். டிரைப் தூரிகையை எடுத்தார். நெகட்டிவின் மேலேயே மேகங்களைத் தீட்டினார்.

மோசடியா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆவணம் எடுத்து வா என்று அனுப்பப்பட்ட ஆள் அவர். கோயில், கோட்டை, பாறை எல்லாம் துல்லியமாக இருந்தாலே சம்பளம் கிடைத்திருக்கும். வெறும் வானத்தின் கீழே அந்தப் பாறை செத்துக் கிடப்பதாக அவருக்குப் பட்டிருக்க வேண்டும். இன்றைக்கு ஆப்பில் ஒரு தட்டு தட்டினால் எந்தப் படத்துக்கும் அந்திவானம் மாட்டித் தருகிறார்கள். அதையும் இதையும் ஒன்றாக வைக்க என்னால் முடியாது. வெயிலில் அந்தப் பாறைக்கு முன்னால் நின்ற கை, அந்த மேகத்தைப் போட்டது.

படம் பிடிக்கும் முறை பிறகு தேறிவிட்டது. 1922-இல் அமெரிக்காவின் ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸ் மேகங்களை எடுக்கத் தொடங்கினார். மனிதர்களை வசியம் பண்ணித்தான் நல்ல படம் எடுக்கிறார் என்று ஒரு பேச்சு இருந்தது. சரி, மேகத்தை யார் வசியம் பண்ணுவது என்று காட்டக் கிளம்பினார். 1925 முதல் அவற்றுக்கு ‘ஈக்விவலன்ட்ஸ்’ என்று பெயர் வைத்தார். தன் மனநிலைக்கு ஈடு என்று பொருள். பல படங்களில் தரையே கிடையாது. எது மேல், எது கீழ் என்றுகூடச் சொல்ல முடியாது.

எனக்கு அவரைவிட நெருக்கம் மா. கிருஷ்ணன். ‘பத்மாவதி சரித்திரம்’ எழுதிய மாதவையாவின் மகன். 1950-லிருந்து 1996-இல் இறக்கும்வரை ‘ஸ்டேட்ஸ்மன்’ பத்திரிகையில் இயற்கை பற்றி எழுதினார். அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடைத்த பாகங்களைச் சேர்த்து ஒட்டிய கேமராவுக்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என்று பெயர். கறுப்பு வெள்ளையில் அவர் எடுத்த யானைகளைப் பார்த்தால் அந்த ஆள் அவசரப்படவே இல்லை என்பது தெரியும். காட்டில் அவருக்கு இருந்த பொறுமை வீட்டுக் கொல்லை அணிலையும் மைனாவையும் எடுக்கும்போதும் இருந்தது. உணர்ச்சியால் எடுப்பது என்றால் கண்ணை மூடிக்கொண்டு அழுத்துவது என்று சிலர் நினைக்கிறார்கள். கிருஷ்ணனின் விரல் வருஷக்கணக்காகப் பார்த்த பிறகு அழுத்தியது.

சத்திரத்தில் ஆடி வானமும் அப்படிப் பழகினால்தான் பிடிபடும். மேற்கேயிருந்து மூட்டம் மூட்டமாக மேகம் வரும், ஊருக்கு ஒரு சொட்டு இறக்காமல் போகும். அதே காற்று குடகில் கொட்டிய மழைதான் மேட்டூரைத் தாண்டி காவிரிப் பாலத்தடியில் ஓடுகிறது. இது தெரிந்தபின் அந்த வறட்டு மேகத்தைப் பார்த்தால் கோபம் வருவதில்லை.

கவரை எடுத்த மறுநாள் பூக்கார அக்காவிடம் படத்தைக் காட்டினேன். பூ ஈரம் பட்ட இரண்டு விரலால் பெரிதாக்கினார். பாறையை ஒதுக்கித் தள்ளினார், பருந்தையும் தள்ளினார். ஓரத்தில் கலங்கலாக இருந்த வெள்ளைப் புள்ளியில் வந்து நின்றார்.

“அட, இது நம்ம கவரு.”