பெயர் ஒன்று, முதலெழுத்து வேறு
(ஓ.எஸ்.ஜி.ஐ. சட்டகத்தில் வகுப்பேற்றச் சிக்கல்கள்)

தமிழாசிரியன் ஒருவன் கணினி நுட்பம் பற்றி எழுதப் புகுந்தது ஏன் என வினவுவார் இருக்கலாம். நம் கல்லூரியிற் பயின்ற பிள்ளைகள் பலர் இன்று யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் கடல் கடந்த நாடுகளிலும் மென்பொருள் ஆக்கும் தொழில் புரிகின்றனர். அவர்களை இரவிரவாக விழித்திருக்கச் செய்யும் இடர்களுள் ஒன்று, ஆராயுங்கால், பெயரையும் அப்பெயர்க்குரிய பொருளையும் பற்றியதாகவே இருக்கின்றது. அஃது மொழியாசிரியனுக்கு அயலான விடயம் அன்று. வகுப்பேற்றம் என்றதும் ஆண்டிறுதிப் பரீட்சையை நினைத்தல் வேண்டா. ஈண்டு வகுப்பு என்பது ஜாவா மொழியில் எழுதப்படும் நிரலின் அடிப்படை அலகு. அதனைத் தேடி நினைவகத்துள் கொணர்வது வகுப்பேற்றி.

பெரிய செயலி ஒன்றினுள் சிறு உறுப்புகளை வேண்டியபோது செருகவும் கழற்றவும் வழிசெய்யும் சட்டகங்களுள் ஓ.எஸ்.ஜி.ஐ. என்பது பெயர்பெற்றது. அதன் விதிகளை வகுத்த கூட்டமைப்பு 1999 இல் தோன்றியது. எக்குவினொக்ஸ், அப்பாச்சி பீலிக்ஸ் என்பன அவ்விதிகளின்படி இயற்றப்பட்ட சட்டகங்கள். நம் நாட்டிலே 2005 இல் தொடங்கப்பெற்ற டபிள்யூ.எஸ்.ஓ.2 நிறுவனத்தின் கார்பன் தளம் எக்குவினொக்ஸின் மேல் எழுந்ததே.

இச்சட்டகத்தில் ஒவ்வோர் உறுப்பும் ஒரு பொதி. ஒவ்வொரு பொதிக்கும் தனி வகுப்பேற்றி உண்டு. பிறர்க்கு வழங்கும் பேக்கேஜ் எது, பிறரிடம் வேண்டும் பேக்கேஜ் எது என்பதைப் பொதி தன் அறிவிப்பேட்டிலே எழுதிவைத்தல் வேண்டும். எழுதாதது கண்ணுக்குத் தெரியாது. தாய்ச் செயலி தன்னுள் இச்சட்டகத்தைப் பதித்துக்கொண்டபோதிலும், தாயின் வகுப்புகள் பொதிகளுக்குத் தாமாகத் தெரியமாட்டா. ஜாவாவின் அடிப்படை வகுப்புகள் மட்டுமே கேளாமற் கிடைப்பன. முதன்முறை பதிப்போர் பெரும்பாலும் இங்கேதான் தடுக்கி விழுகின்றனர்.

இனி, மிகுந்த மயக்கம் தருவதைக் காண்போம். பொதி தாயின் இடைமுகத்தைக் காணவில்லை என்று முறையிடுகின்றது. நிரலாளர் அவ்விடைமுகக் கோப்பின் பிரதியொன்றைப் பொதிக்குள்ளேயே வைத்துவிடுகின்றார். முறையீடு அடங்குகின்றது. ஆனால் ஓடும்போது, ‘இன்ன வகுப்பை இன்ன வகுப்பாகக் கொள்ள இயலாது’ என்ற பிழை எழுகின்றது. இரு புறத்தும் ஒரே பெயர்! வரவு இடாப்பிலே இரண்டு சிவகுமார்கள் இருப்பின் தந்தை பெயரின் முதலெழுத்தன்றோ அவர்களைப் பிரித்துக்காட்டும்? ஜாவாவில் அம்முதலெழுத்து வகுப்பேற்றியே. ஒரே கோப்பை இரு ஏற்றிகள் ஏற்றினால் அவை இரு வேறு வகுப்புகள். ஆதலின் இரு பொருள்களின் வகுப்பேற்றிகளையும் அச்சிட்டுப் பார்த்தலே முதற் சோதனை.

மருந்து யாதெனில், இடைமுகம் ஓரிடத்தில் மட்டும் இருத்தல். தாயிடம் அதை வைத்து, 2009 இல் வெளிவந்த 4.2 ஆம் பதிப்பு தந்த ‘சிஸ்டம் பேக்கேஜஸ் எக்ஸ்ட்ரா’ என்னும் அமைப்பிலே பேக்கேஜின் பெயரைக் குறித்து, பொதியிலுள்ள பிரதியை நீக்கிவிடல் வேண்டும். பொதி அதனை இறக்குமதி மட்டும் செய்யும். பெயரோடு பதிப்பெண்ணையும் எழுதுக. எழுதாவிடின் அது சுழியமாகக் கொள்ளப்பட, 1.0 வேண்டிநிற்கும் பொதி இணையாது கிடக்கும்.

சிலர் ‘பூட் டெலிகேஷன்’ என்னும் குறுக்குவழியை நாடுவர். பெற்றோர் ஏற்றியையும் செயலியின் ஏற்றியாக மாற்றாவிடின் அதனால் தாயின் வகுப்புகள் தெரியா. மாற்றினாலோ பொதிகளைப் பிரித்து வைத்ததன் பயன் குறைந்துவிடும். பழைய நூலகம் ஒன்றிற்காகத் தற்காலிகமாகச் செய்யலாமேயன்றி நிரந்தர ஏற்பாடாக யான் அதனை விதந்துரையேன்.

வகுப்பின் பெயரை எழுத்துச்சரமாகக் கொண்டு தேடும் நூலகங்கள் வேறொரு வகையில் வருத்தும். இறக்குமதிகளைக் கணிக்கும் கருவிகள் சரத்துக்குள் இருக்கும் பெயரைக் காணாமல் விடுதல் உண்டு. அந்தப் பேக்கேஜைக் கையால் எழுதிச் சேர்த்தல் வேண்டும். இன்னும் சில, ஓடும் இழையின் சூழல் ஏற்றியை நம்பித் தேடும். அவற்றை அழைக்குமுன் உரிய பொதியின் ஏற்றியை இழைக்கு அளித்து, பிழை நேரினும் நேராவிடினும் பழையதை மீள வைத்தல் முறை.

கார்பனிற் பணிபுரிவோர் ‘ஓஎஸ்ஜிஐ கன்சோல்’ தெரிவுடன் சேவையகத்தைத் தொடக்கினால், ‘எஸ்எஸ்’ கட்டளை பொதிகளின் நிலையைக் காட்டும்; ‘இன்ஸ்டால்டு’ என நின்றுவிட்ட பொதியின் எண்ணை ‘டயக்’ கட்டளைக்குக் கொடுத்தால் கிடைக்காத பேக்கேஜ் எதுவெனத் தெரியும். முறையான பொதியை ‘டிராப்பின்ஸ்’ கோப்புறையிலும் சாதாரண ஜார் கோப்பை ‘லிப்’ கோப்புறையிலும் இடுக. பின்னதைத் தளமே பொதியாக்கிக்கொள்ளும்.

ஓடும் சட்டகத்திலே பொதியைப் புதுப்பித்தபின்னும் பழைய பிழையே தோன்றுமாயின் நிரலை உடனே ஐயுறற்க. பழைய பொதியோடு பிணைந்தவை, ‘ரிஃப்ரெஷ்’ செய்யும்வரை, பழைய வகுப்புகளையே பற்றிக்கொண்டிருக்கும்.