கேம்ஸ் விளையாட கம்ப்யூட்டரா, கன்சோலா? வாங்கும் முன் ஒரு கணக்கு

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய வீடுகளில், முதல் மாதம் முடிவதற்குள் ஒரு கேள்வி கண்டிப்பாக எழும். "இதில் கேம்ஸ் விளையாடலாமா?" விளையாடலாம் என்பதுதான் பதில். ஆனால் எந்த கேம், எவ்வளவு செலவில் என்பதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. சாப்ட்வேர் துறையில் வேலை பார்க்கும் நானே இதில் ஏமாந்தேன். அந்த அனுபவத்தையும், அதிலிருந்து தெரிந்து கொண்டதையும் இங்கே தருகிறேன்.

உண்டியல் பணம் போன கதை

2022 ஆம் ஆண்டு தீபாவளிக்கு மதுரையில் அக்கா வீட்டிற்குப் போயிருந்தேன். அக்கா சீட்டுப் பணம் எடுத்து, கல்லூரியில் படிக்கும் மகளுக்காக ஒரு கம்ப்யூட்டர் வாங்கியிருந்தார். ஐ3 பிராசசர், 8 ஜிபி மெமரி, 1 டிபி ஹார்ட் டிஸ்க். படிப்பு வேலைகளுக்கு இது தாராளம்.

எட்டாவது படிக்கும் அக்கா மகன் உண்டியலை உடைத்து 2,500 ரூபாயை என் கையில் கொடுத்தான். "மாமா, எனக்கு அந்த புட்பால் கேம் வேணும்." நானும் ஆன்லைனில் வாங்கி, இரவு முழுவதும் டவுன்லோட் செய்தேன். 8 ஜிபி மெமரி தேவை என்று போட்டிருந்தது, வீட்டு கம்ப்யூட்டரிலும் 8 ஜிபி இருந்தது. அதோடு திருப்தி அடைந்துவிட்டேன். அதற்கு அடுத்த வரியில் இருந்த கிராபிக்ஸ் கார்டு பற்றிய குறிப்பை நான் படிக்கவில்லை.

காலையில் கேம் திறந்தது. ஆனால் பந்து உதைத்த பிறகு வலைக்குப் போய்ச் சேர்வதற்குள் படம் பத்து முறை நின்றது. செட்டிங்ஸை மாற்றி மாற்றிப் பார்த்ததில், பணத்தைத் திரும்பக் கேட்கும் நேரமும் கடந்து போனது. "நீங்க கம்ப்யூட்டர் இன்ஜினியர்தானே மாமா, சரி பண்ணிக் கொடுங்க" என்றான். அந்த ஒரு வார்த்தைக்காக நான் செய்த செலவைப் பாருங்கள்.

செகண்ட் ஹேண்ட் கிராபிக்ஸ் கார்டு ஒன்று 9,500 ரூபாய். அதற்குத் தனியாக மின்சாரக் கேபிள் வேண்டும். வீட்டில் இருந்த எஸ்.எம்.பி.எஸ்.ஸில் அந்தக் கேபிள் இல்லை, எனவே புது எஸ்.எம்.பி.எஸ். 3,000 ரூபாய். கார்டு நீளமாக இருந்ததால் சிறிய கேபினட்டில் அடங்கவில்லை, வேறு கேபினட் 2,500 ரூபாய். கேம் திறக்க அதிக நேரம் ஆனதால் ஒரு எஸ்.எஸ்.டி. 3,800 ரூபாய். மொத்தம் 18,800 ரூபாய். 2,500 ரூபாய் கேமுக்கு இத்தனை செலவு!

இதற்கிடையில் மூன்று நாட்கள் கம்ப்யூட்டர் பிரித்துப் போடப்பட்டுக் கிடந்தது. அந்த வாரம் அக்கா மகள் பிராஜெக்ட் ஒப்படைக்க வேண்டியிருந்தது. அவள் பிரவுசிங் சென்டருக்கு அலைந்து, ஒரு நாள் தாமதமாகக் கொடுத்தாள். "இது அவ படிப்புக்கு வாங்கினதுடா தம்பி" என்றார் அக்கா. வேறு எதுவும் சொல்லவில்லை.

ஏன் இப்படி ஆகிறது?

கன்சோல் என்பது விளையாட்டுக்கென்றே செய்யப்பட்ட பெட்டி. டிவியில் இணைத்தால் போதும். ஒரு மாடல் பிளேஸ்டேஷன் யார் வீட்டில் இருந்தாலும் உள்ளே இருக்கும் பிராசசரும் மெமரியும் ஒன்றுதான். கேம் தயாரிப்பவர்கள் அந்த ஒரு பெட்டியில் ஓட வைத்தால் போதும். கம்ப்யூட்டர் அப்படி அல்ல. உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரும் பக்கத்து வீட்டுக் கம்ப்யூட்டரும் ஒன்றாக இருக்காது.

ஓர் உதாரணம் சொல்கிறேன். கிராண்ட் தெப்ட் ஆட்டோ 5 என்ற கேம் (இது 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கானது) 2013 செப்டம்பரில் பிளேஸ்டேஷன் 3 கன்சோலுக்கு வந்தது. அந்தக் கன்சோல் 2006 ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதில் இருந்த மெமரி, பிராசசருக்கு 256 எம்பி, கிராபிக்ஸுக்கு 256 எம்பி மட்டுமே. அதே கேம் 2015 ஏப்ரலில் கம்ப்யூட்டருக்கு வந்தபோது, குறைந்தபட்சத் தேவையாக 4 ஜிபி மெமரி, 1 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, 65 ஜிபி ஹார்ட் டிஸ்க் இடம் கேட்டது. டிஸ்க்கில் வாங்கியவர்களுக்கு ஏழு டிவிடிகள்! கம்ப்யூட்டரில் படம் இன்னும் தெளிவாக இருந்தது உண்மைதான். ஆனால் ஏழு ஆண்டு பழைய பெட்டியில் ஓடிய கேம், புதிய பெட்டியை வாங்கச் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. வெளிச்சம், நிழல் போன்றவற்றை வரையும் சிறு புரோகிராம்களுக்கு ஷேடர் என்று பெயர். கன்சோலுக்கு இவற்றை முன்கூட்டியே தயார் செய்து கொடுத்துவிடலாம். கம்ப்யூட்டரில் கிராபிக்ஸ் கார்டுகள் பலவிதம் என்பதால், உங்கள் வீட்டில் உங்கள் கார்டுக்கு ஏற்ப அவை தயாராக வேண்டும். புதிய கேம்களில் முதல் தடவை காத்திருக்கச் சொல்வதும், நடுவில் படம் திக்குவதும் பல நேரங்களில் இதனால்தான்.

பெரிய நிறுவனங்களும் இதில் தடுமாறியதுண்டு. பேட்மேன் ஆர்காம் நைட் கேம் 2015 ஜூனில் வெளியானது. கம்ப்யூட்டர் பதிப்பில் குறைகள் அதிகம் என்று புகார்கள் குவிந்ததால் ஓரிரு நாட்களிலேயே அதன் விற்பனை நிறுத்தப்பட்டது. சரி செய்து மீண்டும் விற்பனைக்கு வந்தது அக்டோபரில்.

கன்சோலிலும் செலவு உண்டு

அப்படியானால் கன்சோல்தான் லாபமா? அவசரப்பட வேண்டாம். பிளேஸ்டேஷன் 5 இந்தியாவில் 2021 பிப்ரவரியில் அறிமுகமானபோது டிஸ்க் வசதி உள்ள மாடலின் விலை 49,990 ரூபாய். அதற்கு நல்ல டிவி வேண்டும். புதிய கேம்கள் பல ஒவ்வொன்றும் 4,999 ரூபாய்க்கு வந்தன. காசு கொடுத்து வாங்கிய பெரும்பாலான கேம்களை இன்டர்நெட் வழியாக மற்றவர்களுடன் விளையாடத் தனிச் சந்தா கட்ட வேண்டும். கம்ப்யூட்டரில் பொதுவாக இந்தச் சந்தா கிடையாது. பழைய கேம்களும் தள்ளுபடி நேரங்களில் மலிவாகக் கிடைக்கும்.

கன்சோலில் குறையே வராது என்றும் நினைக்க வேண்டாம். 2020 டிசம்பரில் வந்த சைபர்பங்க் 2077, பிளேஸ்டேஷன் 4 இல் மோசமாக ஓடியதால் சோனி அதைத் தன் ஆன்லைன் கடையிலிருந்தே எடுத்துவிட்டது. மீண்டும் வைத்தது 2021 ஜூனில்தான்.

எல்லாவற்றையும்விட முக்கியம், கன்சோலில் பிராஜெக்ட் டைப் செய்ய முடியாது. கம்ப்யூட்டர் வீட்டில் எல்லோருக்கும் உழைக்கும்.

கேம் வாங்கும் முன் இவற்றைச் செய்யுங்கள்

1. விண்டோஸ் கீயையும் ஆர் கீயையும் சேர்த்து அழுத்துங்கள். வரும் பெட்டியில் டி, எக்ஸ், டி, ஐ, ஏ, ஜி என்ற ஆறு ஆங்கில எழுத்துகளை டைப் செய்து என்டர் தட்டுங்கள். பிராசசர், மெமரி விவரம் முதல் பக்கத்திலும், கிராபிக்ஸ் விவரம் டிஸ்பிளே என்ற பக்கத்திலும் இருக்கும். ஒரு தாளில் எழுதி வைத்துக் கொள்ளுங்கள்.

2. கேம் விற்கும் பக்கத்தில் குறைந்தபட்சத் தேவை, பரிந்துரைக்கப்படும் தேவை என இரண்டு பட்டியல்கள் இருக்கும். இரண்டாவதைப் பாருங்கள். என்னைப் போல ஒரு வரியோடு நிறுத்தாமல் எல்லா வரிகளையும் ஒப்பிடுங்கள். ஹார்ட் டிஸ்க் இடத்தையும் மறக்காதீர்கள். ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 கேம் 150 ஜிபி இடம் கேட்கிறது.

3. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத கம்ப்யூட்டர், மெயின் மெமரியிலிருந்தே ஒரு பங்கை கிராபிக்ஸுக்கு எடுத்துக் கொள்ளும். ஒரே மெமரி கார்டு போட்டிருந்தால், அதே அளவில் இன்னொன்று சேர்ப்பது குறைந்த செலவில் நல்ல பலன் தரும்.

4. கிராபிக்ஸ் கார்டு வாங்குவதானால், மதர்போர்ட் ஸ்லாட் தரும் மின்சாரம் 75 வாட் வரைதான் என்பதை நினைவில் வையுங்கள். அதற்குள் இயங்கும் கார்டுகளுக்குத் தனிக் கேபிள் தேவையில்லை. அதற்கு மேல் போனால் எஸ்.எம்.பி.எஸ்.ஸையும் பார்க்க வேண்டும். கார்டின் நீளத்தையும் கேபினட்டின் உள் அளவையும் ஸ்கேல் வைத்து அளந்துவிட்டுக் கடைக்குப் போங்கள். லேப்டாப் என்றால் பெரும்பாலும் கிராபிக்ஸ் கார்டை மாற்றவே முடியாது.

5. பணம் திரும்பக் கிடைக்குமா என்று முதலில் பாருங்கள். ஸ்டீம் தளத்தில் வாங்கிய 14 நாட்களுக்குள், 2 மணி நேரத்திற்குக் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். எனவே முதல் அரை மணி நேரத்திலேயே முடிவு செய்துவிடுங்கள்.

6. பழைய கம்ப்யூட்டரை கேம்ஸுக்காக வாங்குவதானால் விண்டோஸ் பதிப்பையும் கேளுங்கள். விண்டோஸ் 7, 8 இரண்டுக்கும் ஸ்டீம் 2024 ஜனவரி 1 முதல் ஆதரவை நிறுத்திவிட்டது. விண்டோஸ் 10 க்கான மைக்ரோசாப்ட் ஆதரவும் 2025 அக்டோபர் 14 உடன் முடிந்தது.

எது உங்களுக்கு?

வீட்டில் ஏற்கெனவே படிப்புக்கோ தொழிலுக்கோ கம்ப்யூட்டர் இருந்து, பெரிய புதிய கேம்களையும் விளையாட ஆசை என்றால், அந்தக் கம்ப்யூட்டரைப் பிரித்து மேய்வதைவிட பணம் சேர்த்துக் கன்சோல் வாங்குவது நிம்மதி. புதிதாக வாங்கப் போகிறவர்கள், கிராபிக்ஸ் கார்டுக்கும் சேர்த்து முதலிலேயே திட்டமிட்டால் ஒரே பெட்டியில் இரண்டும் நடக்கும். இரண்டுக்கும் பணம் இல்லையா? மைன்கிராப்ட், ஸ்டார்டியூ வேலி போன்றவை சாதாரணக் கம்ப்யூட்டரிலும் ஓடக் கூடியவை.

நான் செலவழித்த 18,800 ரூபாயில் எஸ்.எஸ்.டி. மட்டும்தான் வீட்டில் எல்லோருக்கும் பயன்பட்டது. விண்டோஸ் சீக்கிரம் திறக்கிறது என்று அக்கா மகளே சொன்னாள். அதற்குப் பிறகு ஒரு பழக்கம் வைத்திருக்கிறோம். எந்த கேம் கேட்டாலும் அக்கா மகன் முதலில் அதன் தேவைப் பட்டியலை எழுதி, பக்கத்திலேயே வீட்டுக் கம்ப்யூட்டரின் விவரத்தையும் எழுதி எனக்கு அனுப்ப வேண்டும். பாதி கேம்களை அவனே வேண்டாம் என்று தள்ளிவிடுகிறான். உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லிக் கொடுங்கள். உண்டியல் தப்பிக்கும்!