கிளட்ச் வழுக்குகிறதா, ஒட்டுகிறதா?

ஊரை விட்டு வந்த தமிழர் தம்முடன் கொண்டுவரும் பொருள்களில், அம்மிக்கல்லுக்கு அடுத்தபடியாகக் கனமானது தந்தையார் ஓட்டிய பழைய புல்லட்டாகத்தான் இருக்கும். 1955-இல் சென்னையில் தொடங்கிய என்பீல்டு இந்தியா நிறுவனம் திருவொற்றியூரில் உருவாக்கிய அவ்வண்டிகளில் பல இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

ஹைதராபாத்தின் காஞ்சன்பாக்கில், மிதானி உலோக ஆலைக்கு அருகே வசிக்கும் நண்பர் ஒருவரிடம் அத்தகைய வண்டி உண்டு. அப்பகுதியில் 2021-இல் திறக்கப்பெற்ற மேம்பாலம் அப்துல் கலாம் அவர்களின் பெயரைத் தாங்கியது. காஞ்சன்பாக்கிலுள்ள ஏவுகணை ஆய்வகத்தில் அவர் இயக்குநராக இருந்தவர் அல்லவா! அப்பாலத்தின் ஏற்றத்தில், மனைவியார் பின்னால் அமர்ந்திருக்க, நண்பரின் வண்டி தளர்ந்துவிட்டது. எஞ்சின் இரைந்தது, வேகம் கூடவில்லை, பின்னால் ஒரு லாரி. எப்படியோ கரையேறிய நண்பர், அருகிலிருந்த பட்டறையில் தமக்குத் தெரிந்த தெலுங்கில் “கிளட்ச் சரியில்லை” என்றார். பிளேட்டுகளை மாற்றிக் கொடுத்தார்கள். இரண்டே மாதத்தில் புதிய பிளேட்டுகளும் கருகின.

“சரியில்லை” என்பது நோயின் பெயரன்று. கிளட்சுக்கு வரும் கோளாறு பெரும்பாலும் இரண்டே வகை: பற்ற வேண்டியபோது வழுக்கும், அல்லது விட வேண்டியபோது ஒட்டிக்கொள்ளும். ஏற்றத்தில் எஞ்சின் மட்டும் இரைந்தால் வழுக்கல். கைப்பிடியை முழுவதும் இழுத்த பின்னும் வண்டி முன்னே நகர்ந்தாலும், கியர் கரகரத்தாலும், சிக்னலில் நியூட்ரல் அகப்படாவிட்டாலும் ஒட்டல்.

புல்லட்டில் இதைச் சோதிக்கக் கிக்கரே போதும். அதன் விசை கிளட்ச் வழியாகவே எஞ்சினைச் சென்றடைகிறது. சாவியை எடுத்துவிட்டு, நியூட்ரலில் வைத்துக் கிக்கரை மெல்ல மிதியுங்கள். எஞ்சினின் எதிர்ப்பு காலுக்குத் தட்டுப்படாமலே அது இறங்கிவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. இப்போது கைப்பிடியை இழுத்துக்கொண்டு மிதியுங்கள். அப்போதும் எதிர்ப்புத் தெரிந்தால் பிளேட்டுகள் ஒட்டியிருக்கின்றன. இரவெல்லாம் நின்ற வண்டியில் இது சகஜம். கைப்பிடியை இழுத்தபடியே நாலைந்து முறை மிதித்தால் பிரிந்துவிடும்.

அடுத்து நோக்க வேண்டியது கேபிளின் தளர்வு. இடப்புறப் பெட்டிக்குள் இருவகைத் தகடுகள் மாறி மாறி அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒருவகை எஞ்சினோடும் மற்றொன்று கியர் பெட்டியோடும் சுழல்வன. ஸ்பிரிங்குகள் அவற்றை இறுக்கிப் பிடிக்கின்றன. கைப்பிடியை இழுத்தால், கியர் பெட்டியின் உட்குழலான தண்டினுள் செல்லும் மெல்லிய கோல் ஒன்று ஸ்பிரிங்குகளை எதிர்த்துத் தள்ளித் தகடுகளைப் பிரிக்கிறது. கைப்பிடியில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் தளர்வு இல்லாவிட்டால், கையை எடுத்த பின்னும் கோல் தள்ளிக்கொண்டே இருக்கும். பிளேட் புதிதாயிருந்தும் வழுக்கிக் கருகும். கோலின் முனையும் சூடேறி மழுங்கும்.

இன்னும் ஒரு நுட்பம். பிளேட் தேயத் தேய இத்தளர்வு குறைந்துகொண்டே வரும். கேபிள் நீண்டாலோ கோல் தேய்ந்தாலோ அது கூடிக்கொண்டே போகும். நான் அறிந்தவரை பலரும் இதைத் தலைகீழாகவே எண்ணுகிறார்கள். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மாதம் ஒருமுறை தளர்வை அளந்து குறித்து வைத்தால், பெட்டியைத் திறக்காமலே உள்ளே நடப்பதை ஊகிக்கலாம்.

தளர்வு சரியாக இருந்தும் வழுக்கினால் எண்ணெயைக் கவனியுங்கள். நான்கு கியர் புல்லட்டில் கிளட்ச் பெட்டியின் எண்ணெய் எஞ்சின் எண்ணெயிலிருந்து வேறானது. உராய்வைக் குறைக்கும் சரக்குச் சேர்ந்த கார் எண்ணெய் இங்கு ஆகாது. டப்பாவில் ‘ஜாசோ எம்.ஏ.’ என்ற குறியீடு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அதிலும் குணமில்லையென்றால்தான் பிளேட்டையும் ஸ்பிரிங்கையும் ஐயுற வேண்டும். ஒட்டல் தீராவிட்டால், தகடுகள் நெளிந்திருக்கலாம்; அவை நகரும் கூட்டின் விளிம்புகளில் பள்ளம் விழுந்திருக்கலாம். சிறு பள்ளங்களை அரத்தால் சமன் செய்யலாம். ஸ்பிரிங்குகளை ஏற்றத்தாழ்வாக முடுக்கியிருந்தாலும் மேல்தகடு கோணலாக எழும்பி ஒட்டல் உண்டாகும்.

பழைய ஜாவா, யெஸ்டி வண்டிகளில் கியர் மிதியே கிளட்சையும் விடுவிப்பதால், அங்கே அந்த அமைப்பின் திருகையும் கவனிக்க வேண்டும்.

நண்பரின் கேபிளில் தளர்வே இல்லை. ஒரு ஸ்பானரும் ஐந்து நிமிடமும் போதுமானவையாக இருந்தன. கருகிய பிளேட்டுகளுக்குத்தான் அவர் இரண்டாம் முறை பணம் கொடுக்க வேண்டியதாயிற்று.