வெள்ளாடை உடுக்கும் முயல்

ஸ்காட்லாந்தின் வடபகுதியிலே கெய்ர்ன்கார்ம் என்றொரு மலைத்தொகுதி உளது. அதன் மிக உயர்ந்த சிகரமாகிய பென் மக்டூயியின் உயரம் 1309 மீட்டரே. இமயத்தை எண்ணுவோர்க்கு இஃது ஒரு குன்று. ஆயினும் அம்மலைகள் ஏறத்தாழ 57 பாகை வட அட்சரேகையில் நிற்பதால், டிசம்பரின் இறுதியில் அங்கே பகற்பொழுது சுமார் 6½ மணி நேரந்தான். அந்நாளில் நடுப்பகற் கதிரவனும் அடிவானத்திற்கு மேல் பத்துப் பாகையளவே எழுகிறான். சாய்ந்து விழும் அவ்வொளியில் பனிப்பரப்பு ஒருபுறம் செம்மையும், நிழல் விழும் மறுபுறம் நீலமுமாகத் தோன்றும். ஒரு தை மாதத்தில் அங்குச் சில நாள் தங்கியிருந்தபோது இக்காட்சியில் நான் மனம் பறிகொடுத்தேன். காலை உணவு முடிந்த பிறகே அங்கே சூரியோதயம்!

குளிர்காலத்தில் செம்மான்கள் உணவு நாடிப் பள்ளத்தாக்குகளுக்கு இறங்குகின்றன; அவற்றைச் சாலையிலிருந்தே காணலாம். மலைமுயலைக் காண்பதற்கோ பொறுமை வேண்டும். கோடையில் பழுப்பு நிறமான அது, குளிர்காலத்தில் வெள்ளாடை உடுத்திக் கொள்கிறது. காதுகளின் நுனி மட்டும் கருமையாகவே இருக்கும். டார்மிகன் என்னும் மலைப்பறவையும் அவ்வாறே வெண்மையாகிறது. அதன் கால்விரல்களையும் இறகு மூடியிருப்பதால், பனியின்மேல் நடக்க அது அஞ்சுவதில்லை.

குளிர் தாக்கியதால் மயிர் வெளுத்தது என்று எண்ணிவிடாதீர்கள். வளர்ந்துவிட்ட மயிர் நிறம் மாறுவதில்லை. பழைய மயிர் உதிர்ந்து, நிறமியற்ற புதுமயிர் முளைக்கிறது. இம்மாற்றத்தை முதன்மையாக ஏவுவது பகலின் நீளமே. இலையுதிர்காலத்தில் பகல் குறுகுவதைக் கண் உணர, மூளை சுரக்கும் மெலடோனின் அச்செய்தியை உடலுக்கு அறிவிக்கிறது. முயலின் உடலுக்குக் கதிரவனே பஞ்சாங்கம்.

இடர்ப்பாடு இங்கேதான் தொடங்குகிறது. புவி வெப்பமுற்றாலும் பகலின் நீளம் மாறுவதில்லை. பனி தங்கும் நாட்களோ குறைந்து வருகின்றன. 1950 முதல் 2016 வரையிலான பதிவுகளை ஆராய்ந்து 2020-இல் வெளியிட்ட அறிஞர்கள், பனியில்லா நிலத்தில் வெண்முயல் வெளிப்பட்டு நிற்கும் காலம் ஆண்டுக்குச் சுமார் 35 நாள் கூடிவிட்டதாகக் கண்டனர். பழுப்பு நிற ஹெதர் புதர்களிடையே நிற்கும் வெண்முயல், பொன்னிறக் கழுகுக்கு விளக்கேற்றிக் காட்டியது போலாகும். ஆயினும் முயல்கள் நிறம் மாறும் காலத்தைத் தள்ளிப்போடவில்லை. வேட்டைக்காகப் பேணப்படும் நிலங்களில் ஊனுண்ணிகள் குறைவாதலால், பொருந்தா நிறமுடையவையும் பிழைத்துவிடுகின்றன. அதனால் இயற்கைத் தேர்வு மந்தமாகியிருக்கலாம் என்பது அவர்கள் கூறும் ஒரு விளக்கம். எனக்கு அது நியாயமாகவே படுகிறது. மனிதரிடமிருந்தேனும் காக்கவேண்டி, உரிமம் இன்றி மலைமுயலைக் கொல்லுதல் ஸ்காட்லாந்தில் 2021 மார்ச் முதல் தடைசெய்யப்பட்டுள்ளது.

உங்களுள் எவரேனும் உயர்கல்விக்காக அந்நாடு செல்லலாம். செல்வீராயின், காற்று உங்கள் முகத்தில் வீசும் திசையில் மெல்ல நடந்து, பாறையோரம் அமர்ந்து, தொலைநோக்கியால் சரிவினைத் துழாவுங்கள். பனிக்கட்டி போன்ற ஒன்றில் இரண்டு கரும்புள்ளிகள் தென்படும், அவை காதுகள். அவை நிமிர்ந்தால் அதற்கு மேல் ஓரடியும் வைக்காதீர்கள். உணவு அரிதாகிய அக்காலத்தில், வீணாய் ஓடும் ஒவ்வோர் ஓட்டமும் அதன் உடற்கொழுப்பைக் கரைத்துவிடும்.